ஒன்பது கோப்பை புளிச்சக்கீரை

நாற்றை மாற்றி நடுவதில் அவசரம் கூடாது என்பது என் அபிப்பிராயம். எல்லோரும் செய்கிற தப்பு அதுதான். விதை முளைத்து இரண்டு இலை விட்டதும் கை பரபரக்கிறது. பெரிய தொட்டிக்கு மாற்றுகிறார்கள். மாற்றிய கையோடு உரத்தையும் கரைத்து ஊற்றுகிறார்கள். பிறந்த குழந்தைக்குப் பிரியாணி ஊட்டுகிற வேலை. நான்காம் நாள் இலை நுனி கருகும். உடனே விதை சரியில்லை என்று விற்றவனுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு விமர்சனம் எழுதுவார்கள்.

நான் சொல்வது கஞ்சா நாற்றைப் பற்றி. முகம் சுளிக்க வேண்டியதில்லை. நான் இருப்பது கலிபோர்னியாவில், சான் ரமோனில். இருபத்தொரு வயது ஆனவர் தன் வீட்டில் ஆறு செடி வளர்த்துக்கொள்ளலாம் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. ஏழாவது செடிதான் குற்றம். வாஷிங்டனில் இருக்கிற மத்திய அரசின் சட்டத்துக்கோ முதல் செடியே குற்றம். ஒரே செடிக்கு இரண்டு சட்டம். குடியுரிமை வாங்கிவிட்ட என்னைப் போன்றவர்களின் கொல்லைப்புறத்தை வாஷிங்டன் எட்டிப் பார்ப்பதில்லை. விசாவில் இருக்கிறவர்களை மட்டும் பார்க்கும். விசா கொடுப்பது அதுதானே.

என் பெயர் ரூஃபஸ். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். வயது ஐம்பத்தேழு. இருபத்தாறு வருடம் மென்பொருள் சோதனையாளனாக இருந்தேன். அதாவது மற்றவர்கள் பெருமையோடு எழுதிக்கொண்டு வருவதில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிப்பது. அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்பது இன்றும் எனக்கு ஆச்சரியம்; நான் சும்மாவே செய்திருப்பேன்.

செடி வளர்க்கக் கற்றுக்கொண்டது என் மனைவி ஜெயலீலாவுக்காக. வயிற்றில் புற்றுநோய். மருந்து ஏற்றிய நாட்களில் அவளுக்குத் தண்ணீர்கூடத் தங்காது. கஞ்சா கொடுத்தால் குமட்டல் அடங்கும் என்று ஒரு நர்ஸ் காதோடு காதாகச் சொன்னாள். கடையிலேயே கிடைக்கும், ஆனால் கடைக்காரன் என்ன தெளித்திருப்பான் என்று எனக்குச் சந்தேகம். அதனால் கராஜில் ஒரு கூடாரம், ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி. முதல் இரண்டு தடவை நாற்று செத்தது. இரண்டு தடவையும் சீக்கிரம் மாற்றி நட்டு, சீக்கிரம் உரம் வைத்தேன். மூன்றாம் தடவை பொறுத்தேன். இலை கோப்பையின் விளிம்பைத் தாண்டும்வரை, நான்கு அடுக்கு இலை வரும்வரை, கோப்பையைக் கவிழ்த்தால் மண் உதிராமல் வேரோடு முழுசாக வரும்வரை தொடவில்லை. மாற்றி நட்டபின் வெறும் தண்ணீர். கீழ் இலை லேசாக மஞ்சள் காட்டியபின்தான் உரம், அதுவும் பொட்டலத்தில் போட்டிருக்கிற அளவில் கால் பங்கு. பசி தெரிந்தபின் சோறு. அந்தச் செடி நன்றாக வந்தது. ஜெயலீலா அரைத் தட்டு சோறு சாப்பிட்டாள். பதினான்கு மாதம் இருந்தாள்.

மிச்சம் விதைகள் இருந்தன.

இனி வெங்கடாசலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், நாற்பத்தெட்டு வயது, இங்கே ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் டேட்டாபேஸ் வேலை. எங்கள் பகுதியில் ‘முப்பள்ளத்தாக்குத் தமிழ் உழவர் பேரவை’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. இருநூற்றுப் பன்னிரண்டு உழவர்கள். எல்லோரும் மென்பொருள். இதில் பெருநிலக்கிழார் என்று சொல்லத்தக்கவரிடம் பன்னிரண்டடிக்கு எட்டடி மரப்பெட்டியில் மண் இருந்தது. வெங்கடாசலம் இதற்குத் தலைமை ஒருங்கிணைப்பாளர். வேறு ஒருங்கிணைப்பாளர் யாரும் கிடையாது, இருந்தாலும் தலைமை. முகப்புப் படத்தில் தோளில் பச்சைத் துண்டு, கையில் மண்வெட்டி. மண்வெட்டிக் காம்பில் கடை ஸ்டிக்கர் பிரிக்காமல் இருக்கும்.

அவருடைய வீடியோக்கள் ‘வணக்கம் உறவுகளே’ என்று ஆரம்பிக்கும். ஏழு தலைமுறை விவசாயம் என்பார். அப்பா கோபியில் துணிக்கடை வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். க்ரீன் கார்டு வேலைக்காக அவருடைய பிறப்புச் சான்றிதழ் சரியில்லாமல் போய், உறவினர் வாக்குமூலங்களை ஒழுங்குபடுத்தும்போது நான்தான் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தேன். தகப்பனார் தொழில்: ஜவுளி. நான் இதை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கும் ஒரு நாகரிகம் உண்டு.

அவர் கெட்ட மனிதர் இல்லை. இதை மறைக்க மாட்டேன். புதிதாக ஊருக்கு வருகிற எந்தக் குடும்பத்துக்கும் முதல் வாரமே ஒரு கறிவேப்பிலைச் செடி கொண்டுபோய்க் கொடுப்பார். இந்த ஊரில் அது சாதாரணப் பரிசு இல்லை. அவர் மனைவி சாந்தாமணி வீட்டிலேயே டேகேர் நடத்தினாள், முறையான உரிமத்தோடு. எட்டுக் குழந்தைகள். ஜெயலீலா படுத்திருந்த காலத்தில் வாரம் மூன்று நாள் எங்களுக்கு ரசம் வந்தது அந்த வீட்டிலிருந்துதான்.

ஜெயலீலாவுக்கு நடந்த நினைவு ஜெபத்தில் வெங்கடாசலம் பேச எழுந்தார். யாரும் கூப்பிடவில்லை. பதினோரு நிமிடம் பேசினார். அக்காவுக்குத் தான் கொடுத்த கறிவேப்பிலைச் செடி டிசம்பரிலேயே பட்டுப்போய்விட்டது என்றும், குளிர்காலத்தில் உரம் வைத்ததுதான் காரணம் என்றும், ஒரு உயிருக்கு எப்போது சோறு போட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். அழுதுகொண்டே சொன்னார், மனதாரத்தான் சொன்னார். அந்த டிசம்பரில் நான் கரண்டியால் அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன், அவள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு இதே கறிவேப்பிலைக் கதையை இரண்டு பிறந்தநாள் விழாவிலும் ஒரு சீமந்தத்திலும் என் முன்னாலேயே சொன்னார்.

நான் பின்னால் செய்ததற்கு அது காரணம் இல்லை. மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே சொல்வது மரியாதை என்பதால் சொன்னேன். என் காரணம் பொதுவானது. ஊதிப்போன பலூனைப் பார்த்தால் எனக்குக் குண்டூசி ஞாபகம் வரும். ஒரு மனிதர் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் முன்னால், ஒரே ஒரு தடவை, அசடு வழிய வேண்டும். அது அவருக்கும் நல்லது என்றுதான் நினைத்தேன்.

புளிச்சக்கீரையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விரல்களை விரித்த கை மாதிரி இலை. கஞ்சா இலையும் அப்படித்தான். கொங்கு நாட்டுக்காரர்களுக்குக் கடைந்த புளிச்சக்கீரை என்றால் உயிர். இங்கே அது லேசில் கிடைக்காது. ஆனால் நாற்றாக இருக்கும்போது காலம் பார்த்துத்தான் காட்ட வேண்டும். கஞ்சாவின் முதல் இலைகளுக்கு ஒற்றை விரல்தான். அப்போது கொடுத்தால் புதினா என்று சொல்லிவிடுவார். அடுத்த அடுக்கு மூன்று விரல். அதற்கடுத்தது ஐந்து. ஐந்து விரல் வந்து, வேர் கோப்பையை நிறைத்து, மாற்றி நடும் பருவமும் கூடி வருகிற அந்த ஒரு வாரம்தான் சரி. மார்ச் மூன்றாம் வாரம் விதை ஊறப்போட்டேன். ஏப்ரல் பாதியில் தமிழ்ப் புத்தாண்டுக்குப் பேரவையின் நாற்றுப் பரிமாற்றம், பூங்காவில். நாள் பொருந்தியது.

விருந்துகளில் வைக்கிற சிவப்புக் கோப்பைகளில், அடியில் துளை போட்டு, ஒன்பது நாற்று கொண்டுபோனேன். ஆக மூன்றரை வாரம் என் வீட்டில் ஆறுக்கு மேல் செடி இருந்தது. அந்த வகையில் நானும் சட்டத்தை மீறினேன். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆறாகக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டால், கொடுத்திருக்கலாம்.

வெங்கடாசலத்தைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். நான் பொய் சொல்லவில்லை. “இது என்னன்னு நீங்க சொல்லுங்க வெங்கட்,” என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

அவர் ஒரு கோப்பையை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். “இதக்கூடக் கேக்கோணுமாங்ணா. புளிச்சக்கீரைங்க. எங்கூர்ல வேலியோரம் தானா மொளைக்கும். எங்க புடிச்சீங்க?”

“எலையோரம் கொஞ்சம் ரம்பமாட்ட இருக்குதுங்களே,” என்றாள் சாந்தாமணி.

“சாந்தா, நீ டேகேரப் பாரு. வெவசாயத்த நாங்க பாத்துக்கறோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். சாந்தாமணியும் சிரித்தாள். ஒன்பது கோப்பையையும் அவரே எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு நான் செய்தது ஆலோசனை சொன்னது மட்டும். எழுத்தில் எதுவும் சொல்லவில்லை. செடி விஷயத்தை நேரில் பேசுவதுதான் எனக்குப் பழக்கம். ஒரு வாரம் வெறும் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். ஆடி ஒன்றாம் தேதிவரை ஒரு இலைகூடக் கிள்ளக் கூடாது, கிள்ளினால் வளர்த்தி நின்றுவிடும் என்றேன். இது மட்டும் அவ்வளவு சரியான தகவல் இல்லை. ஒரே ஒரு இலையை வாயில் போட்டிருந்தால் புளிப்பில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

நான் திங்கட்கிழமை சொன்னது வெள்ளிக்கிழமை வீடியோவில் வரும். கோப்பையைக் கவிழ்த்து வேர்ப் பந்தைக் காட்டினார். கால் பங்கு உரம் என்பது அவருடைய அப்பாரு, அதாவது தாத்தா, காலத்து முறையாயிற்று. அப்பாரு அதைக் கால் படியால் அளந்தாராம். மண்ணைத் தொட்டுக் கும்பிட்டார். மீன் அமிலம் ஊற்றினார். அந்த நாற்றத்தில் வேறு எந்த வாசனையும் யாருக்கும் தெரியவில்லை. பதினோரு வீடியோ. எல்லாவற்றிலும் அவர் முகம், தேதி, செடி, ‘எல்லாமே என் கையால் உறவுகளே’ என்கிற வாசகம். குழந்தையைக் கொண்டுவந்து விட வந்த தெலுங்கு அப்பா ஒருவர் வேலிக்கு மேலாகப் பார்த்து, புளிச்சக்கீரைக்கு அவர்கள் பாஷையில் உள்ள பெயரில், கோங்குரா பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டினாராம். நம் பாரம்பரிய வேளாண்மைக்கு அமெரிக்கர்கள் தலைவணங்குகிறார்கள் என்று வெங்கடாசலம் ஏழாம் வீடியோவில் சொன்னார். அன்று நான் தனியாக உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தேன். ஜெயலீலா போனபின் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஆடி ஒன்றுக்குப் பறிப்பு விழா என்று அழைப்பிதழ் வந்தது. நாற்பது பேருக்குக் களியும் கடைந்த கீரையும். அத்தோடு என் வேடிக்கை முடிந்திருக்கும். முதல் கரண்டியில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், இது என்னய்யா கீரை என்று யாராவது கேட்பார்கள். நான் திட்டமிட்டது அவ்வளவுதான்.

இதற்கு நடுவே, மே மாதம் ஒரு நாள் காலையில் வெங்கடாசலத்திடமிருந்து போன் வந்தது.

“அண்ணா, டேட் கரண்ட் ஆயிருச்சுங்ணா. பதினாலு வருசம். மொதல்ல உங்களுக்குத்தான் சொல்றனுங்.”

க்ரீன் கார்டு வரிசையில் அவர் முறை வந்துவிட்டது. விண்ணப்பம் போட்டாயிற்று, நேர்முகத்துக்கும் கூப்பிடுவார்கள். அனன்யாவுக்குச் செப்டம்பரில் இருபத்தொன்று முடிகிறது என்றும், அதற்குள் வந்தது கடவுள் செயல் என்றும் சொன்னார். அனன்யா அவர்களுடைய ஒரே பெண். ஆறு வயதில் வந்தவள், டேவிஸில் கல்லூரி மூன்றாம் வருடம். அப்பாவின் விண்ணப்பத்தில் அவளும் ஒரு வரி. அந்த விண்ணப்பம் நின்றால் அவள் நிற்பாள். அது விழுந்தால், இருபத்தொரு வயதுக்குப் பிறகு அப்பாவின் விசாவில்கூட ஒட்டிக்கொள்ள முடியாது. இதெல்லாம் எனக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். அந்தக் காகிதங்களைத் திருத்தியவன் நான்.

அன்றே சொல்லியிருக்கலாம். யோசித்தேன். சொன்னால் என்ன செய்வார்? எல்லாவற்றையும் பிடுங்கிப் பச்சைக் குப்பைத் தொட்டியில் போடுவார். அடுத்த வெள்ளிக்கிழமை ‘போலிக் கீரையைக் கண்டுபிடிப்பது எப்படி’ என்று வீடியோ போடுவார். அதிலும் அவர்தான் ஆசிரியர். ஒரு மனிதர் எதையுமே கற்றுக்கொள்ளாமல் தப்பித்துப்போவதற்கு நான் எதற்கு உதவ வேண்டும்?

“ரொம்ப சந்தோஷம் வெங்கட்,” என்றேன். “கீழ் இலை மஞ்சளாகுதா?”

“லேசா ஆகுதுங்ணா.”

“அப்போ உரத்தைக் கொஞ்சம் கூட்டுங்க. பயப்படாண்டாம். பசியில இருக்குது.”

ஜூன் நடுவில் அனன்யா விடுமுறைக்கு வந்தாள். வந்த மறுநாளே எனக்குப் போன். அவளுக்குத் தமிழ் புரியும். பதில் பாதிதான் தமிழில் வரும்.

“அங்கிள், அப்பா பேக்யார்ட்ல வளர்க்கிறது வீட், கஞ்சா. நான் சொன்னா கேக்கவே மாட்டேங்கறார். உனக்குத் தமிழும் தெரியாது கீரையும் தெரியாதுன்னு சிரிக்கிறார். நீங்கதான் குடுத்தீங்களாமே. ப்ளீஸ், ஜஸ்ட் டெல் ஹிம்.”

கெட்டிக்காரப் பெண். இருநூற்றுப் பன்னிரண்டு உழவர்கள் பார்த்தும் தெரியாததை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள். குரலில் பயம் இருந்தது. விண்ணப்பத்தைப் பற்றி அவளும் படித்திருந்தாள். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி, அதுவும் நேராக.

“உங்க அப்பாவுக்குத் தெரியாத கீரையா மக்களே?” என்றேன்.

“ஸோ இட்ஸ் ஓகே?” என்றாள். நான் அவளை நன்றாகச் சாப்பிடச் சொன்னேன், கல்லூரிச் சாப்பாட்டில் இளைத்திருப்பாள் என்றேன். “ஓகே அங்கிள். தேங்க் யூ,” என்று வைத்துவிட்டாள். பின்னால் தெரிந்தது, அன்று மாலை அவற்றைப் பிடுங்கிப் போடுவது என்று முடிவு செய்திருந்தாளாம். நான் சொன்னதைக் கேட்டு விட்டுவிட்டாளாம். இதிலும் பொய் என்று நான் எதையும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பெண் இன்னொரு தடவை யோசிப்பாள் என்று எனக்குத் தோன்றியது. அத்தோடு வேறொன்றையும் நினைத்துப் பார்த்தேன். அது எட்டுக் குழந்தைகள் இருக்கிற வீடு. நெஞ்சளவு உயரத்தில் ஒன்பது செடி. நாற்பது பேர் சாப்பிடப்போகிறார்கள். பொறுப்புள்ள ஒரு குடிமகன் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானா? டேகேர்களுக்கு உரிமம் கொடுக்கிற அலுவலகத்தின் இணையதளத்தில் புகார் படிவம் இருக்கிறது. புகார் செய்கிறவர் பெயர் கட்டாயம் இல்லை. வீட்டு முகவரியும் செடிகளின் எண்ணிக்கையும் எழுதினேன். வீடியோக்களின் சுட்டிகளைக் கொடுக்கிற வசதியும் இருந்தது, பதினொன்றையும் கொடுத்தேன். முழுமையாகச் செய்யாத வேலை எனக்குப் பிடிக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்த அலுவலகத்துப் பெண்ணும் இரண்டு போலீஸ்காரர்களும் வந்தார்கள். நடந்ததைச் சாந்தாமணிதான் என்னிடம் சொன்னாள். வெங்கடாசலம் அன்று வீட்டிலிருந்து வேலை. தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். நகராட்சி ஏதோ விருது கொடுக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டார். பச்சைத் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். நாற்பது நிமிடம் சுற்றிக் காட்டினார். எந்த நாளில் மாற்றி நட்டார், எந்த நாளில் எவ்வளவு உரம், எல்லாம் ஆங்கிலத்தில். “ஆல் நைன், மை ஓன் ஹேண்ட். நோபடி ஹெல்ப்ட் மீ,” என்றாராம். போலீஸ்காரரின் சட்டையில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவர்களில் ஒருவர், பாவம், இரண்டு தடவை அவரை நிறுத்தி, நீங்கள் எதுவும் சொல்ல வேண்டிய அவசியமில்லை என்று சொன்னாராம். வெங்கடாசலம், நோ நோ, நாலெட்ஜ் இஸ் ஃபார் ஷேரிங் என்றாராம்.

குழந்தைகளின் பெற்றோருக்கு அப்போதே போன் போயிற்று. மதியத்துக்குள் எட்டுப் பேரும் வந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கோங்குராவைப் பாராட்டியவர் சாந்தாமணியின் முகத்தைப் பார்க்கவில்லை. உரிமம் அன்றே நிறுத்திவைக்கப்பட்டது. ஆறுக்கு மேல் வளர்த்த வழக்கும், குழந்தைகள் இருக்கும் இடத்தில் வளர்த்த வழக்கும் பதிவாயின. பேரவையிலிருந்து இரண்டு நாளில் நூற்றுத் தொண்ணூறு பேர் விலகினார்கள். விசாவில் இருக்கிறவர்கள் அப்படித்தான் செய்ய முடியும். அந்த வீடியோக்களுக்குக் கட்டைவிரல் போட்டவர்கள் எல்லாம் தங்கள் கட்டைவிரல்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஒருவன் மட்டும் வாசலில் போய் நின்று கூடவே இருந்தான். அது நான். ரசம் வைத்துக் கொண்டுபோனேன்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வழக்கு நிரூபணமானது. க்ரீன் கார்டு விண்ணப்பம் தள்ளுபடி. போதைப்பொருள் விஷயத்தில் வாஷிங்டன் வயது, வருடம், நன்னடத்தை எதையும் பார்க்காது. அக்டோபரில் அவர்கள் கோயம்புத்தூர் போனார்கள். அனன்யா நான்காம் வருடம் சேரவில்லை. விமான நிலையத்துக்கு என் வண்டியில்தான் போனோம். வழி முழுக்க அந்தப் பெண் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஏதோ புரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஏற்கெனவே சொன்னேனே, கெட்டிக்காரி.

இவ்வளவும் தெரிந்தபின் நீங்கள் என்னை எப்படியும் எடைபோட்டிருப்பீர்கள். ஆனால் ஒரு சந்தர்ப்பத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ஆகஸ்டு முதல் வாரம், சனிக்கிழமை பிற்பகல், என் வீட்டுச் சாப்பாட்டு மேசை.

அவர்களுடைய வக்கீல் கிரீஷ் என்று ஒரு இளைஞன். அவன் எனக்குப் போனில் விளக்கியிருந்தான். சார், ஒரு பக்கம் போதும். நாற்றுகளைக் கொடுத்தது யார், உண்மையில் அவை என்ன செடி, இந்த இரண்டையும் கொடுத்தவரே சத்தியம் செய்து எழுதித் தந்தால் வழக்கு நிற்காது. தெரியாமல் வளர்த்தது குற்றமாகாது. வழக்கு நிற்காவிட்டால் விண்ணப்பத்துக்கும் ஆபத்தில்லை. கொடுத்தவருக்கும் பெரிய பாதிப்பு வராது, நீங்கள் குடியுரிமை உள்ளவர், அபராதத்தோடு போகும் என்றான். நியாயமாகத்தான் பேசினான். வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து அவர்கள் கையிலேயே கொடுத்தனுப்பியிருந்தான். ஏப்ரல் இத்தனாம் தேதி, நான் வெங்கடாசலத்துக்குக் கொடுத்த ஒன்பது நாற்றுகள், அதற்குப் பிறகு ஒரு கோடு. கோட்டின் மேல் நான் செடியின் பெயரை எழுத வேண்டும். கீழே கையெழுத்து.

வெங்கடாசலமும் சாந்தாமணியும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர் பத்துக் கிலோ குறைந்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது. என்மேல் அவருக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. கடையில் யாரோ விதையை மாற்றிக் கொடுத்து நானும் ஏமாந்திருப்பேன், அல்லது மாற்றி நடும்போது தன் கையில்தான் ஏதோ மாறிப்போயிருக்கும் என்று நம்பினார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எனக்குள் நான் ஒரு எல்லை வைத்திருந்தேன். அவர் வாயிலிருந்து ‘எனக்குத் தெரியாது’ என்று ஒரே ஒரு தடவை வந்துவிட்டால் போதும், அந்த நிமிடமே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. அதற்கு மேல் எனக்கு அவரிடம் எதுவும் தேவைப்படவில்லை. அந்த எல்லையை நினைத்துத்தான் நான் இத்தனை மாதமும் நிம்மதியாகத் தூங்கினேன்.

“அண்ணா,” என்றார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். “நீங்க குடுத்தது புளிச்சயா, வேறயா, எனக்குத் தெரியாதுங்ணா. எனக்குச் செடியப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்ணா. எங்கப்பா துணிக்கடை. நான் ஒரு நாள்கூடக் காட்டுல எறங்குனதில்ல. இந்த ஊர்ல ஒரு மரியாதைக்காவப் பேசிட்டுத் திரிஞ்சனுங். அக்கா சாவுலகூட என்னென்னமோ பேசிப்போட்டன். அதுக்காவ மன்னிச்சுக்கோங்ணா. புள்ளைக்காவ, உள்ளது எதுவோ அத எழுதிக் குடுத்துருங்க.”

சாந்தாமணி தலை குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பேனாவை எடுத்து, கோட்டின் மேல், பெரிய எழுத்தில், புளிச்சக்கீரை என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் கொடுத்தது கீரைதான், அவர் வளர்த்தது வேறெங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது என்பது அதன் பொருள். அந்த ஒரு காகிதம்தான் அவரைப் பொய்யராக்கியது என்று கிரீஷ் பின்னால் சொன்னான்.

அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை என்று நான் சாதிக்கவில்லை. சொன்னார். ஆனால் சொன்ன விதத்தில், எனக்கென்னவோ, உண்மையான பணிவு இருந்ததாகத் தோன்றவில்லை.